கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குத் தனியாக பைக்கில்: தக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி கேட்டது இது. சொந்த ஊர் தக்கலை, வயது 24, கையில் ஐந்து வருடம் ஓடிய 150 சிசி வண்டி, வேலையில் 12 நாள் விடுப்பு. கூட வருவதாகச் சொன்ன இரண்டு நண்பர்களும் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை தனியாகப் போய்த் திரும்பலாமா, வண்டி தாங்குமா, என்னென்ன ஸ்பேர் எடுத்துப் போக வேண்டும்? கேள்வியில் முக்கால்வாசி வண்டியைப் பற்றித்தான். ஆனால் கடைசி வரியில், "வழியில் உனக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள் என்று அம்மா கேட்கிறாள், பதில் சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே வண்டியைச் சீக்கிரம் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கம் பல வருடமாக பைக் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன். நீண்ட தூரம் தனியாக ஓட்டும் பழக்கமும் உண்டு. நம்ம ஊரில் இந்தத் தொழில் செய்வதில் ஒரு வசதி: நாட்டின் மறுகோடியிலிருந்து ஓட்டி வந்து கன்னியாகுமரியில் பயணத்தை முடிக்கிறவர்கள், ஊர் திரும்புமுன் வண்டியைக் காட்ட நம்மிடம்தான் வருவார்கள். ஒருவர் எப்படி ஓட்டியிருக்கிறார் என்பதை வண்டியே சொல்லிவிடும். என் பதிலின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது வண்டியும் சமவெளி நெடுஞ்சாலையும்தான். ஸ்ரீநகருக்கு அப்பால் லே, லடாக் என்று உயரமான இடங்களுக்குப் போக நினைத்தால், அந்த உயரத்தில் உடம்பு என்ன செய்யும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், மெக்கானிக்கிடம் வேண்டாம். அதேபோல இதே கேள்வியை ஒரு பெண் கேட்டிருந்தால், தங்குமிடம், பாதுகாப்பு பற்றி நான் சொல்வதைவிடத் தனியாக ஓட்டிய பெண்கள் சொல்வதைத்தான் கேட்கச் சொல்லுவேன்.

வண்டி தாங்கும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒழுங்காகப் பராமரித்த 150 சிசி வண்டி நாளுக்கு 400 கி.மீ. வீதம் தொடர்ந்து ஓடும். 70, 75 வேகத்தில் போனால் என்ஜினுக்குப் பெரிய சிரமமே இல்லை. இங்கே வந்து பயணத்தை முடிக்கும் வண்டிகளில் என்ஜின் போய் வருவது மிக அரிது. நான் பார்ப்பதெல்லாம் வேறு: பின் டயர் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கும், ஏனென்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நேர்ச்சாலை. செயின் வறண்டு, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். கேரியர் வெல்டிங் விட்டிருக்கும். நம்பர் பிளேட்டைக் கம்பி வைத்துக் கட்டியிருப்பார்கள். சுமை பின்னால் கூடிப்போனதால் ஹேண்டில் பார் ஆடும். எல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான், ஆனால் சுமையிலும் அதிர்ச்சியிலும் சேர்ந்து வருகிறவை.

அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வண்டியைத் தயார் செய்துவிடுங்கள், முந்தின நாள் வேண்டாம். புதிய டயர் போட்டால் முதல் 200 கி.மீ. அது பழக வேண்டும். புதிய பிரேக் பேடும் அப்படித்தான். புதிதாகப் போட்ட எந்தப் பாகத்தையும் உள்ளூரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூரம் கிளம்ப வேண்டும். செயினும் ஸ்பிராக்கெட்டும் பாதி தேய்ந்திருந்தால் இங்கேயே செட்டாக மாற்றிவிடுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால், ஹேண்டில் பார் திரும்பும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளூரில் அது பெரிதாகத் தெரியாது, சுமையோடு காற்றில் ஓட்டும்போது நன்றாகவே தெரியும். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) இருக்கும், 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். ஆனால் பெரும்பாலான 150 சிசி வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். மழையில் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் வழுக்கத்தான் செய்யும்.

ஸ்பேர் என்று ஒரு மூட்டையே கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு தேவையில்லை. கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஒரு பிளக், இரண்டு ஃபியூஸ், செயின் லாக் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), வண்டியோடு வந்த டூல் கிட், டியூப்லெஸ் பஞ்சர் கிட், காற்றடிக்க ஒரு சின்ன பம்ப், செயின் ஸ்பிரே. இவ்வளவுதான். நீங்கள் போகும் சாலையில் 20, 30 கிலோமீட்டருக்கு ஒரு ஊர் இருக்கும், 150 சிசி வண்டிக்கு ஸ்பேர் கிடைக்காத மாவட்டத் தலைநகர் கிடையாது. பஞ்சர் ஒட்டத் தெரியாமல் மட்டும் கிளம்பாதீர்கள். பழைய டயர் ஒன்றில் ஆணி அடித்து இரண்டு முறை நீங்களே ஒட்டிப் பாருங்கள். செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்பிரே, மழையில் நனைந்த நாளில் அன்று மாலையே. ஆயில் புதிதாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள், காலையில் வண்டியை நேராக நிறுத்தி அளவு பாருங்கள், நாக்பூர் பக்கம் ஒரு சர்வீஸ் செய்துகொள்ளுங்கள். போதும்.

சுமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். கனமான சாமான் எல்லாம் கீழேயும் முன்னாலேயும் வர வேண்டும். பின்சீட்டுக்கு மேல் கோபுரம் கட்டினால் முன் சக்கரம் லேசாகிவிடும், வண்டி பேச்சுக் கேட்காது. இரண்டு பக்கப் பையும் ஒரே எடை இருக்கட்டும். எலாஸ்டிக் கயிற்றின் கொக்கி கழன்று செயினுக்குள் போனால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். கூட்டமாகப் போனால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துச் சொல்லுவான். தனியாகப் போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. வார்ப்பட்டை வைத்து இறுக்கிக் கட்டுங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையால் அசைத்துப் பாருங்கள்.

சரி, இனி உங்கள் கணக்குக்கு வருவோம். என்னைப் பயமுறுத்தியது தனியாகப் போவது அல்ல, அந்த 12 நாள்தான். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் சுமார் 3,700 கி.மீ. போகவர 7,400. அதை 12-ஆல் வகுத்தால் நாளுக்கு 600-க்கு மேல், ஒரு நாள் கூட ஓய்வில்லாமல், மழை, பஞ்சர், காய்ச்சல் எதுவும் வராமல். நான்குவழிச் சாலையில் 80-ல் போனாலும், பெட்ரோல், சாப்பாடு, ஊர் நெரிசல், டைவர்ஷன் எல்லாம் சேர்ந்தால் சராசரி 50-ஐத் தாண்டுவது கடினம். 600 கி.மீ. என்றால் 12 மணி நேரம். அப்படியென்றால் தினமும் இருட்டில் ஓட்டப் போகிறீர்கள். ஒரு நாள் செய்யலாம். இரண்டு நாள் கூடச் செய்யலாம். நான்காம் நாள் உடம்பு கடனைத் திருப்பிக் கேட்கும்.

இங்கேதான் தனியாகப் போவதன் உண்மையான ஆபத்து இருக்கிறது. வழிப்பறி, மொழி தெரியாதது, வண்டி நின்றுபோவது என்று எல்லோரும் வேறு எதற்கோ பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் தனியாக ஓட்டுகிறவனுக்கு முதல் எதிரி களைப்பு. அதிலும் மோசம், களைத்துவிட்டோம் என்பதை அவனிடம் சொல்ல ஆள் இல்லாதது. கூட ஒருவன் இருந்தால், "எலே, நீ லைன் மாறி மாறிப் போறே, வண்டியை ஓரங்கட்டு" என்பான். தனியாக இருக்கும்போது அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டிய மூளையே தூங்கத் தொடங்கியிருக்கும். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. நான்கு நொடி கண் செருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டரை யாரும் ஓட்டவில்லை. மனித உடம்பு பின்னிரவு 2 முதல் 6 வரையும், மதியம் 2 முதல் 4 வரையும் இயல்பாகவே மந்தமாகும். மதியச் சாப்பாடு வயிறுமுட்ட இருந்தால் இன்னும் மோசம். கண் எரிவது, கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயர் நினைவுக்கு வராதது, காரணமில்லாமல் லாரிக்காரன் மேல் கோபம் வருவது, இவையெல்லாம் அறிகுறி. டீ குடித்தால் கொஞ்ச நேரம் தள்ளிப் போகும், தீராது. தீர்வு தூக்கம் ஒன்றுதான். பெட்ரோல் பங்கில் நிழல் பார்த்து இருபது நிமிடம் படுத்தால் கூடப் பலன் இருக்கும்.

ஆகவே நான் சொல்வது ஒன்றே ஒன்று: எங்கே நிறுத்துவது என்பதைச் சாலையில் வைத்து முடிவு செய்யாதீர்கள், முந்தின இரவே முடிவு செய்யுங்கள். நாளைக்கு இந்த ஊர், மாலை 5 மணிக்குள் அறை, அவ்வளவுதான். 3 மணிக்கே போய்ச் சேர்ந்து, இன்னும் 150 ஓட்டலாமே என்று தோன்றினாலும் ஓட்டக் கூடாது. சோர்ந்த மனதுக்கு எப்போதும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் தோன்றும். காலை 5:30, 6 மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுமுன் 200 கி.மீ. முடிந்துவிடும். மதியத்துக்குப் பிறகு மெதுவாக மீதி. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை வண்டியைத் தொடாமல் ஒரு நாள்.

இருட்டில் ஓட்டக் கூடாது என்பதற்குக் காரணம் தூக்கம் மட்டும் இல்லை. நம்ம திருநெல்வேலி, மதுரை நான்குவழிச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, மீடியன் இடைவெளியில் குறுக்கே திரும்பும் டிராக்டர், சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வரும் பைக், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு. பகலில் இவை தொந்தரவு, ராத்திரியில் உயிராபத்து. நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே சாலை பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டைக் கடந்து போகிறது. விலங்குகள் கடக்கச் சாலைக்கு அடியில் வழி விட்டே கட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் பகலில் கடந்தால் அழகான சாலை, அதை இருட்டுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு ஆபத்து வீட்டு வாசலிலேயே இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. நாகர்கோவிலிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு போய் நான்குவழிச் சாலையைப் பிடித்தாலும் சரி, கன்னியாகுமரியில் கடலோடு ஒரு போட்டோ எடுத்துவிட்டு நேராகக் கிளம்பினாலும் சரி, முதல் ஒரு மணி நேரத்திலேயே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்குள் போவீர்கள். அத்தனை காற்றாலைகளைச் சும்மா அங்கே நட்டு வைக்கவில்லை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அந்தக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியை முந்தும்போதுதான் கவனம். லாரியின் மறைவில் காற்று சட்டென்று நிற்கும், வெளியே வந்ததும் ஓங்கி அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் பயந்து ஹேண்டில் பாரை இறுகப் பிடிப்பார்கள், அதுதான் தப்பு. இறுகப் பிடித்த கை காற்றின் ஒவ்வொரு தள்ளலையும் முன் சக்கரத்துக்கு அப்படியே கொண்டுபோகும். முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தி, கையைத் தளர்வாக வைத்து, வேகத்தை 60-க்குக் கொண்டு வாருங்கள். லேனின் நடுவில் ஓட்டினால் இரண்டு பக்கமும் தள்ளாட இடம் இருக்கும்.

எந்த மாதம் போவது? முழுப் பாதைக்கும் பொருந்தும் மாதம் என்று ஒன்று கிடையாது. நம்ம மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. ஏப்ரல், மே மாதம் நாக்பூர் பக்கம் 45 டிகிரி வரை போகும், ஜாக்கெட் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் ஓட்டுவது தண்டனை. ஜூலை, ஆகஸ்டில் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் மலைச்சாலையில் மண்சரிவு வந்து சாலை மூடும். டிசம்பர், ஜனவரியில் ஆக்ரா முதல் பஞ்சாப் வரை காலைப் பனிமூட்டத்தில் பத்தடி தூரம் தெரியாது. என் கணிப்பு, செப்டம்பர் கடைசி வாரம் கிளம்புவது. ஆரல்வாய்மொழிக் காற்று இன்னும் மிச்சம் இருக்கும், வடக்கே மழை வடிந்துகொண்டிருக்கும், நீங்கள் அங்கே சேரும்போது குளிர் கடுமையாகியிருக்காது. வானிலை விஷயத்தில் இது கணிப்புதான், சத்தியம் செய்ய மாட்டேன்.

இனி, பலர் பல விதமாகச் சொல்லும் விஷயங்கள். மணிக்கு ஒருமுறை என்ஜினுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பார்கள். ஓடும் வண்டிக்குக் காற்றே குளிர்ச்சி, அது சூடாவது டிராஃபிக்கில் நிற்கும்போதுதான். ஓய்வு உங்களுக்குத் தேவை, அந்தச் சாக்கில் நிறுத்துவது நல்லதுதான். டயரில் நைட்ரஜன் அடிக்கச் சொல்லுவார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பணம் மிச்சம் பண்ணி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். விலை கூடிய பிரீமியம் பெட்ரோலால் உங்கள் வண்டிக்கு ஒரு லாபமும் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிக் கேட்டால், அங்கேதான் நான் தயங்குவேன். உங்கள் வண்டி அதற்கென்று வடிவமைத்த காலத்துக்கு முந்தியது. மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பது உறுதி. ரப்பர் ஹோஸ், சீல் போன்றவை நாளடைவில் என்ன ஆகும் என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. தினமும் டேங்க் காலியாகி நிரம்பும் ஒரு பயணத்தில் அது பிரச்சினையாகாது என்பது என் எண்ணம். பெட்ரோல் ஹோஸை மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள், சில்லறைச் செலவு.

ஹெல்மெட் விஷயத்தில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. முகம் முழுக்க மூடும், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், பட்டையை மாட்டியபடி. கையுறை, கணுக்கால் மூடும் ஷூ, முழங்கை, முழங்காலுக்குத் திண்டு வைத்த ஜாக்கெட்டும் பேன்ட்டும். நம்ம ஊரில் சாரத்தைக் கட்டிக்கொண்டு மார்த்தாண்டம் வரை போய்வருகிற பழக்கம் எனக்கும் தெரியும், அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். காதுக்குப் பஞ்சு மாதிரியான இயர் பிளக் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் காற்றின் இரைச்சல் கேட்பது உடம்பை எவ்வளவு சோர வைக்கிறது என்பது அதைக் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஹாரன் சத்தம் அப்போதும் கேட்கும்.

அம்மாவின் கேள்விக்கு இப்போது வருகிறேன். "யார் பார்ப்பார்கள்" என்றால், பெரும்பாலும் சாலையில் இருக்கிறவர்கள்தான் பார்ப்பார்கள். தனியாக நிற்கும் வண்டியைப் பார்த்து இறங்கி வந்து கேட்கும் ஆட்கள் இந்த நாட்டில் குறைவில்லை. கூட்டமாகப் போனால் டீக்கடையில் உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பீர்கள். தனியாகப் போனால் கடைக்காரரே எந்த ஊர், சாப்பிட்டாயா என்று கேட்பார், முன்னால் சாலை எப்படி என்று சொல்லுவார். நாலு பேராகப் போய் வேகமாக ஓட்டுகிறவனைத் துரத்திக்கொண்டு போகும் தொல்லையும் இல்லை. ஆனால் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னால் போதாது, ஏற்பாடாகக் காட்ட வேண்டும்.

அவசரத்துக்கு 112 நாடு முழுக்க வேலை செய்யும். தேசிய நெடுஞ்சாலையில் விபத்தோ பழுதோ என்றால் 1033. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நாடு முழுவதற்குமாக 2025 மே மாதம் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. குறிப்பிட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் போலீஸ் இழுத்தடிக்கக் கூடாது என்பதும் 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வந்துவிட்டது. திட்டம் காகிதத்தில் இருப்பதும், ராத்திரி ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அது நடப்பதும் ஒன்றல்ல என்பதால், தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இன்சூரன்ஸில் ஓட்டுநருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். வழியில் வண்டி நின்றால் வந்து எடுத்துப் போகும் ரோடு சைடு அசிஸ்டன்ஸும் சேர்த்துக்கொள்ளலாம், பெரிய தொகை இல்லை.

ஒரு அட்டையில் பெயர், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, இரண்டு பேரின் போன் நம்பர் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி, பர்ஸில் ஒன்று, போன் கவரில் ஒன்று வையுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் ஜான்சியில் யார் படிப்பார்கள்? அப்புறம், வீட்டோடு ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பும்போது ஒரு மெசேஜ், மாலை அறைக்கு வந்ததும் லாட்ஜ் பெயரோடு ஒரு போன். நடுவில் அம்மா கூப்பிடக் கூடாது, நீங்களும் ஓட்டும்போது எடுக்கக் கூடாது. இரவு 8 மணி வரை போன் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிக் கொடுங்கள்: முதலில் உங்கள் நம்பர், பிறகு அன்றைக்குத் தங்குவதாகச் சொன்ன ஊரின் காவல் நிலையம். இதை அம்மா தலையில் கட்டாதீர்கள். நம்ம மாவட்டத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமாவாவது எல்லாத் தெருவிலும் இருப்பார். ஜம்மு, பதான்கோட் பக்கம் வேலை பார்த்து, இந்தி சரளமாகப் பேசுகிற அப்படி ஒருவரை உங்கள் பொறுப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் உற்சாகமாக இருக்கும், அம்மாவுக்கும் பாதி பயம் போகும்.

போன் என்றதும் ஒரு விஷயம். மற்ற மாநிலத்து பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேலை செய்யும். அது தெரியாமல் போனால் எல்லை தாண்டியதும் போன் செத்துவிடும், இங்கே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். கிளம்புவதற்கு முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள்.

அப்படியென்றால் போகலாமா? 12 நாளில் போய்த் திரும்புவதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இரண்டு வழி சொல்கிறேன். இந்த வருடம் பெங்களூர், அனந்தபூர் வழியாக ஹம்பி வரை போய்த் திரும்புங்கள். போகவர 2,000 கி.மீ. சொச்சம், 12 நாளுக்குத் தாராளம், நடுவில் இரண்டு மூன்று நாள் ஊர் பார்க்கலாம். அதற்கும் முன்னால், ஒரு சனி, ஞாயிறில் முழுச் சுமையோடு தூத்துக்குடி வழியாக ராமேஸ்வரம் போய் வாருங்கள். ஒரு பக்கம் 300 கி.மீ. சொச்சம். இரண்டாம் நாள் காலை இடுப்பும் மணிக்கட்டும் என்ன சொல்கின்றன என்று பார்த்தாலே நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் உங்களால் முடியும் என்று தெரிந்துவிடும்.

காஷ்மீர்தான் வேண்டும் என்றால் விடுப்பை 18 நாளாக்கி, போகும்போது முழுக்க ஓட்டுங்கள், திரும்பும்போது ஜம்மு வரை வந்து வண்டியை ரயிலில் ஏற்றிவிடுங்கள். கத்ராவிலிருந்து ஜம்மு வழியாகக் கன்னியாகுமரி வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ மூன்று நாள் பயணம். உங்கள் டிக்கெட்டோடு லக்கேஜாகப் போட்டால் அதே ரயிலில் ஏற வாய்ப்பு அதிகம், பார்சலாகத் தனியே அனுப்பினால் இடம் கிடைக்கும்போதுதான் வரும். ரயிலுக்கு முந்தின நாளே ஸ்டேஷன் பார்சல் ஆபீஸுக்குப் போய்விடுங்கள். ஆர்சி, இன்சூரன்ஸ், அடையாள அட்டை ஆகியவற்றின் அசலும் நகலும் வேண்டும். பெட்ரோலைச் சுத்தமாக இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், டேங்கையும் லைட்டையும் சாக்கு வைத்து நன்றாகச் சுற்றச் சொல்லுங்கள், போய்ச் சேர வேண்டிய ஸ்டேஷன் பெயரைப் பெரிய எழுத்தில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். வண்டி வந்து சேர்ந்ததும் உடனே எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும். தனியே பார்சலாகப் போட்டிருந்தால், ரசீதோடு போய் எடுத்து வர ஊரில் ஒருவரை முன்பே சொல்லி வையுங்கள். கையில் ஒரு லிட்டர் பெட்ரோலும் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஸ்டேஷனிலிருந்து பங்க் வரை தள்ளிக்கொண்டு போக முடியாது.